கராஜ் மேசைக்கு முதிரையும் தகடும்

வேலை மேசை செய்யப்போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்பது எந்தப் பலகை போடப்போகிறாய் என்றுதான். அதில் என்ன வேலை நடக்கும், என்ன சிந்தும், என்ன விழும் என்று முதலில் பார்த்துவிட்டால் பலகைக் கேள்வி பாதி தீர்ந்துவிடும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதிப் பக்கம் என் வீடு. வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டில்தான் கராஜ். அதற்கு எட்டடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு மேசை செய்தேன். செய்து முடித்ததை விட மேற்பரப்பைத் தெரிவு செய்யத்தான் அதிக நேரம் போனது. வன்னியில் இதே வேலைக்கு இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று அந்த விபரத்தை எழுதி வைக்கிறேன்.

இங்கே திருத்த வருவது பெரும்பாலும் தண்ணீர் பம்பு, லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெஷினின் கியர்ப் பெட்டி, மோட்டார் சைக்கிள் கார்பரேற்றர், மருந்தடிக்கும் மெஷின். காலபோக உழவு தொடங்கும்போதுதான் எல்லாம் ஒன்றாகப் பழுதாகும். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழையும் தொடங்கிவிடும். சேற்றோடு வந்த பாகங்களை அப்படியே மேசையில் ஏற்றவேண்டி வரும். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், பிரேக் ஒயில், பற்றறி அசிட் எல்லாம் அதில் சிந்தும். சுட்டியல் அடி விழும். மழை தையோடு விலகினால், சித்திரையில் வரும் இடிமழையைத் தவிர, புரட்டாதி வரை காய்ச்சல்தான். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் நிற்க முடியாத சூடு. இந்த இரண்டு காலத்தையும் ஒரே பலகை தாங்க வேண்டும். கறையான் வேறு இருக்கிறது.

அதோடு இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. மேசை வெயிலையும் மழையையும் தாங்கும் அளவுக்கு உறுதியாக இருந்தாலும், தன்மேல் வைக்கும் பாகத்தை விட மென்மையாக இருக்க வேண்டும். கார்பரேற்றரின் உடம்பும் பம்பின் சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம் போன்ற மென்மையான உலோகம். கசிவை அடைக்கும் கஸ்கெட் உட்காரும் முகத்தில் குறுக்காக ஒரு கீறல் விழுந்தால் அதுவழியாகக் கசியும், காற்று இழுக்கும். பலகையில் விழுந்த பள்ளத்தை இழைத்து எடுத்துவிடலாம். ஹெட்டில் விழுந்த கீறலை எடுக்க லேத் பட்டறைக்குக் காசு கொடுக்க வேண்டும். நான் மேசையைப் பார்த்தது இந்தக் கண்ணால்தான்.

மரநாரை ஒட்டி அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையை முதலிலேயே விட்டுவிட்டேன். ஒரு மாரி நனைந்தால் ஓரம் ஊதிவிடும், ஊதியது திரும்ப இறங்காது. பிளைவூட் அதைவிட எவ்வளவோ மேல். பதினெட்டு மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் போட்டால் நல்ல மேசைதான். மூடிய சுவரும் சீலிங்கும் உள்ள கராஜ் என்றால் அதையே போடச் சொல்வேன். என் கொட்டில் மூன்று பக்கம் திறந்தது. வாடைக் காற்று அடித்தால் சாரல் நேராக உள்ளே வரும். அறுத்த ஓரத்தால் தண்ணீர் இறங்கினால் பிளைவூட் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். ஃபோர்மைக்கா ஒட்டிய பலகையில் கிரைண்டர் பொறி பட்டால் கருகிய புள்ளி விழும், ஓரத்தில் அடி பட்டால் செதில் செதிலாகப் போகும்.

சீமெந்து மேசை செய்யலாம் என்று ஒரு மேசன் அண்ணை சொன்னார். இந்த அளவுக்கு மூன்று அங்குலத் தடிப்பில் கொங்கிறீட் ஊற்றினால் முந்நூறு கிலோவுக்கு மேல் வரும். ஆடாது, கறையான் தொடாது, செலவும் குறைவு. ஆனால் பற்றறி அசிட் சீமெந்தை அரித்துவிடும். தேயத் தேய மணல் துகள் மேலே வரும். அந்த மணலில் ஒரு ஹெட்டைக் கவிழ்த்து வைத்து ஒரு தடவை இழுத்தாலே போதும், முகம் போய்விடும். கொல்லன் வேலைக்கு அது சரி, எஞ்சின் வேலைக்குச் சரிவராது.

இரும்புத் தகடு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பெரிய கராஜ்களில் எல்லாம் அதுதான். டீசல் குடிக்காது, நெருப்புப் பிடிக்காது, துணியால் ஒரு துடைப்பில் சுத்தமாகும். வெல்டிங் ஒட்டலாம். இரும்பின் பாரம் எளிய கணக்கு: ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒரு சதுர மீற்றரில் கிட்டத்தட்ட எட்டுக் கிலோ. என் மேசை முழுவதற்கும் மூன்று மில்லிமீற்றர் போட்டால் நாற்பத்து நாலு கிலோ, ஆறு மில்லிமீற்றர் போட்டால் எண்பத்தெட்டு. மூன்று மில்லிமீற்றரை வெறும் சட்டத்தின்மேல் விரித்தால் அடிக்கும்போது அதிரும், நடுவில் தொய்யும். ஆறு போட்டால் அதிர்வு குறையும், விலை இரட்டிக்கும். மாரியில் ஈரச் சாக்கை மறந்து வைத்துவிட்டுப் போனால் காலையில் துரு நிற்கும். இதையெல்லாம் பொறுக்கலாம். எனக்குப் பிடிக்காதது இரண்டு. ஒன்று, கார்பரேற்றர் ஜெட் போன்ற சிறு பாகங்கள் வழுவழுப்பான தகட்டில் உருண்டோடிவிடும். மற்றது பற்றறி. தகட்டின்மேல் பற்றறியை வைத்து வேலை செய்யும்போது நெகற்றிவ் வயரோ அதோடு சேர்ந்த இரும்போ தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், பொசிற்றிவ் முனையில் பிடித்த ஸ்பனர் தகட்டில் முட்டியதும் பொறி பறக்கும். பக்கத்திலேயே பெற்றோல் கோப்பை இருக்கும் மேசை இது.

ஆனாலும் தகட்டை முழுதாக ஒதுக்க மனம் வரவில்லை. சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் இருக்கும் பக்கத்தில் அரம் போடுவதும் கிரைண்டர் பிடிப்பதும் பேரிங் தட்டிக் கழற்றுவதும் நடக்கும். அங்கே மரம் தாங்காது. ஒரு மேசைக்கு ஒரே மேற்பரப்புத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே. எட்டடியில் மூன்றடிக்குத் தகடு, மீதி ஐந்தடிக்கு மரம் என்று தீர்மானித்தேன்.

சரி, எந்த மரம்? பனம் பலகை போடச் சொன்னவர்கள் உண்டு. பனையில் வைரம் வெளிச்சுற்றில்தான். உள்ளே போகப் போகச் சோற்றிதான். சலாகையாக அறுத்துக் கூரைக்குப் போட அதை மிஞ்ச ஒன்றில்லை, ஆனால் அகலப் பலகையாக இழைத்தால் கறுப்பு நார் சிராயாக எழும்பிக் கையில் ஏறும். மாவும் தென்னையும் கறையானுக்குச் சாப்பாடு. தேக்கு நல்ல மரம், காலத்துக்குக் காலம் நெளியாது, கறையான் தொடாது. ஆனால் இப்போது கிடைக்கும் இளந்தேக்கில் வைரம் பாயாத வெள்ளைதான் அதிகம், அந்த வெள்ளைக்குக் கறையானும் உளுவும் வரும். பாலை இரும்பு மாதிரி. தண்ணீரில் போட்டால் தாழும். ஒரு காலம் ரயில் சிலிப்பர் கட்டைகளுக்கே போட்ட மரம். ஆனால் காயும்போது வெடிப்பு விடும், ஆணியும் ட்ரில்லும் இறங்க மறுக்கும். பழம் தரும் மரத்தை மேசைக்காகத் தேடிப் போகவும் எனக்கு விருப்பமில்லை. ஆனி, ஆடியில் பாலைப்பழம் தின்று வாயெல்லாம் பிசுபிசுத்த யாருக்கும் அது விளங்கும்.

கடைசியில் முதிரைதான். வன்னியில் பழைய வீட்டுக் கதவு, நிலை, தீராந்தி என்கிற உத்தரம் எல்லாம் முதிரை. வைரம் பாய்ந்த முதிரையைக் கறையான் தொடுவதில்லை. எவ்வளவு தாங்கும் என்பதற்கு நாட்டிலேயே பெரிய சாட்சி ஒன்று இருந்தது. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833 இல் முதிரை மரத்தால் கட்டிய பாலம், 205 அடி அகலத்தை ஒரே வளைவில் தாண்டி, 1905 வரை நின்றது. அந்த ஆற்று ஈரத்தில் எழுபது வருடம் நின்ற மரம் என் கொட்டில் சாரலுக்கு அஞ்சப் போவதில்லை.

புது முதிரை வாங்குவது கையைக் கடிக்கும். ஒட்டுசுட்டான் பக்கம் உறவினர் ஒருவரின் இடிந்த வீட்டில் கழற்றிய தீராந்திகள் கிடந்தன. ஆறுக்கு நாலு அங்குலக் கட்டைகள். ஒவ்வொன்றையும் நடுவால் பிளந்தால் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த இரண்டு பலகை வரும், ஐந்து பலகை சேர்த்தால் இரண்டரை அடி. பழைய மரத்தின் பெரிய நன்மை, அது காய வேண்டியதெல்லாம் காய்ந்து முடிந்திருக்கும். பழைய வீட்டு மரமாக இருந்தாலும் முதிரையை வீதியால் கொண்டுபோவதென்றால் வன இலாகாப் பத்திரம் பற்றி முதலில் விசாரிக்க வேண்டும். கிராம அலுவலரிடம் போய் அந்த அலுவலை முடித்துவிட்டுத்தான் ட்ராக்டரில் ஏற்றினேன். அதை விட்டுவிட்டு ஏற்றினால் சோதனைச் சாவடியில் மரமும் வாகனமும் சேர்ந்தே நிற்கும்.

மரக்காலைக்காரர் கட்டைகளைப் பார்த்ததும் வாளை நிறுத்திவிட்டார். "எங்க கழற்றினது தம்பி?" என்று கேட்டார். இடத்தைச் சொன்னேன். "அந்தப் பக்கத்து மரமெண்டா முழுக்கப் பார்த்துத்தான் வைப்பன். ஒரு துண்டு இரும்பு பட்டால் வாள் போயிடும், ஆளுக்கும் ஆபத்து. நல்லாப் பார்த்துக்கொண்டு வாங்கோ." அவர் சொன்னது முழு நியாயம். 2009 வரை சண்டை நடந்த இடங்களில் நின்ற வீட்டு மரத்துக்குள் எறிகணைத் துண்டும் சன்னமும் இருக்கும்.

கட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து, பழைய ஸ்பீக்கர் ஒன்றில் எடுத்த காந்தத்தை நூலில் கட்டி நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தேன். ஆணிகளைக் காந்தம் உடனே காட்டியது. ஆனால் ஈயமும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே கண்ணாலும் பார்க்க வேண்டும், ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் மெல்லிய கம்பியை விட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கட்டையின் மேற்பக்கத்தில் சின்னதாக ஒரு கீறல் மாதிரித்தான் தெரிந்தது. உளியால் சுற்றிக் கொத்தி எடுத்தபோது சுண்டு விரல் நகமளவில், விளிம்பு கிழிந்த இரும்புத் துண்டு ஒன்று வந்தது. அதைச் சுற்றி மஞ்சள் மரம் கருநீலமாக மாறியிருந்தது. ஆணி இருந்த இடங்களிலும் அதே நிறம். இரும்பும் ஈரமும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் வரும் கறை அது. அந்த நிறத்தைக் கண்டால் உள்ளே இரும்பு இருக்கிறது, அல்லது இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஓட்டை உள்ள பக்கத்தை மேசைக்கு அடியில் வரவிட்டேன்.

இடிந்த வீடுகளில் மரம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்ணுக்குள்ளோ சுவருக்குள்ளோ தெரியாத உலோகப் பொருள் எதையும் கண்டால் தொடவோ தட்டவோ வேண்டாம். அப்படியே விட்டுவிட்டு விலகி வந்து பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ சொல்லுங்கள். எந்த மரமும் ஒரு உயிருக்கு ஈடில்லை.

அறுத்த பலகைகளை இழைக்க எங்கள் ஊர் ஓடாவியார் ஒருவர் வந்தார். முதிரையில் நார் ஒரே பக்கம் ஓடாது. ஒரு வரி இந்தப் பக்கம், அடுத்த வரி எதிர்ப்பக்கம். வெளிச்சத்தில் பட்டுப்போல மினுங்குவது அதனால்தான், இழைக்க உயிரை எடுப்பதும் அதனால்தான். நான் சீவுளியை நேராகப் பிடித்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார். "நேர இழைச்சால் பேர்த்துக்கொண்டு வரும் தம்பி. சரிச்சுப் பிடியும், அலகைக் கொஞ்சமாய் விடும்." அவர் சொன்னபடி கோணலாகத் தள்ளியபோது தூள் மாதிரி மெல்லிய சீவல் வந்தது. கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டி முடித்தார். மணல்தாள் போட்டதை விட அது வழுவழுப்பாக வந்தது. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொடுக்கும். நீளக் கைச் சட்டையும் மூக்கு மூடியும் போட்டுக்கொண்டுதான் அறுப்பதும் இழைப்பதும் நல்லது. வேர்வையோடு தூள் சேர்ந்தால் கடி கூடும், ஆகவே வேலை முடிந்த கையோடு குளித்துவிட வேண்டும்.

பலகை ஓரங்களில் நின்ற வெள்ளையை முழுக்க எடுத்துவிட்டோம். அகலம் சிறிது குறைந்தாலும் பரவாயில்லை, உளு அங்கேதான் தொடங்கும். பலகையை வைக்கும்போது மரத்தின் நெஞ்சுப் பக்கம் மேலே வரவேண்டும் என்றார் ஓடாவியார். பலகை நெளிந்தால் பட்டைப் பக்கம்தான் குழியும். நெஞ்சுப் பக்கத்தை மேலே விட்டால் நடு சிறிது எழும்பும், ஓரங்கள் சட்டத்தை அழுத்திக்கொண்டு இருக்கும், தண்ணீரும் தேங்காது.

சட்டம் இரண்டு அங்குல அங்கிள் இரும்பு, கால் அங்குலத் தடிப்பு, வெல்டிங் கடையில் செய்தது. கால்கள் தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்திய சீமெந்துக் கட்டைகளில் நிற்கின்றன. இரும்புக் கால் என்றால் கறையான் வராது என்று நினைக்கக் கூடாது. இரும்பின்மேலும் மண் கோடு போட்டு ஏறும். ஆனால் கோடு கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். அதற்காகவே மேசையைச் சுவரில் முட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்தேன்.

பலகைகளைப் பூட்டியது கோடை முடிவில். அப்போது மரம் நன்றாக வற்றியிருக்கும், மாரியில் கட்டாயம் ஊதும். ஆகவே பலகைகளுக்கு இடையில் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு இடம் விட்டேன். அங்கிள் இரும்பில் ஸ்குரூ போகும் துளைகளை வட்டமாகத் துளைக்காமல், பலகையின் குறுக்குவாட்டில் நீட்டித் துளைத்தோம். பலகை அசைய அசைய ஸ்குரூவும் அதோடு நகரும். நாலு பக்கமும் இரும்பால் இறுக்கிக் கட்டிய மேசைகளில் மாரி வந்ததும் பலகை கூரை மாதிரி எழும்புவது இந்த இடம் விடாததால்தான். மார்கழியில் குனிந்து பார்த்தபோது இடைவெளிகள் அநேகமாக மூடியிருந்தன, மேற்பரப்பு மட்டமாகவே இருந்தது. முதிரைக்கு ஆணி அடிக்க நினைக்க வேண்டாம். முதலில் துளைத்துவிட்டுத்தான் ஸ்குரூ.

மரப் பாகம் எண்பது கிலோ அளவில் வரும். ஆறு மில்லிமீற்றர் தகடு முழுக்கப் போட்டால் வரும் பாரத்துக்குக் கிட்ட. அரம் போடும்போது மேசை அசையாமல் நிற்பதற்கு இந்தப் பாரமே பாதிக் காரணம்.

தகட்டுக்கு மூன்று மில்லிமீற்றர் போதும், ஏனென்றால் அடியில் முழுப் பலகை இருக்கிறது. அதிர்வு மரத்துக்குள் அடங்கிவிடுகிறது. முன் விளிம்பை ஒன்றரை அங்குலம் கீழே மடித்து வாங்கினேன். மடிக்காத விளிம்பு வயிற்றைக் கிழிக்கும். அடிப்பக்கத்துக்கு ரெட் ஒக்சைட் இரண்டு பூச்சு. மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஈரம் நின்றால் துரு கண்ணுக்குத் தெரியாமல் தின்னும். மேற்பக்கத்துக்குப் பெயின்ற் அடிக்கவில்லை, பிரேக் ஒயில் பட்டால் உரிந்துவிடும். மாரியில் வேலை முடிந்ததும் ஒயில் துணியால் ஒரு தடவை துடைத்துவிடுகிறேன், அவ்வளவுதான். வைஸ் நேரே காலுக்கு மேல் வருகிறது. போல்ட்டுகள் தகட்டையும் பலகையையும் ஊடுருவி, அடியில் தடித்த இரும்புப் பட்டையில் இறுகுகின்றன. வைஸின் வாய் நிற்கிறவரின் முழங்கை உயரத்துக்கு வரவேண்டும். அதற்குக் கீழே போனால் இடுப்பு நோகும், மேலே போனால் அரத்தில் பலம் வராது. கனத்த சுட்டியல் வேலையை மேசைக்கே கொண்டுவருவதில்லை. அதற்குப் பக்கத்தில் புளியங்குற்றி ஒன்று தனியாக இருக்கிறது.

மரத்துக்குப் பூச எதைப் போடுவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வார்னிஷ் பார்க்க அழகு, ஆனால் தின்னரும் பிரேக் ஒயிலும் பட்டால் எழும்பிவிடும். பிறகு முழுவதையும் சுரண்ட வேண்டும். எஞ்சினில் வடித்த கழிவு ஒயிலை வேலித் தூணுக்குப் பூசுவார்கள். அது காயாத எண்ணெய், நாள் முழுக்க கை வைக்கும் இடத்துக்கு ஆகாது, தோலுக்கும் கெடுதல். தேங்காயெண்ணெயும் இலுப்பெண்ணெயும் கூடக் காயாது, புழுதியைப் பிடித்துப் பிசுக்காக நிற்கும். காய்ந்து இறுகும் எண்ணெய் வேண்டும். அது லின்சீட் ஒயில், ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். முதல் பூச்சை டேர்பன்டைன் கலந்து மெல்லியதாக விட்டேன். கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நின்றதைத் துடைத்து எடுத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. மேலே பட்டை கட்டவிட்டால் ஒட்டிக்கொண்டே இருக்கும், ஆகவே துடைப்பதுதான் இதில் முக்கிய வேலை.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. லின்சீட் காயும்போது சூடு பிறக்கும். சுருண்ட துணியில் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே நெருப்புப் பிடிக்கும். வேலிக் கம்பியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள். பெற்றோல் இருக்கும் கொட்டிலில் இதை மறக்கவே கூடாது.

கார்பரேற்றர், பற்றறி போன்ற நுணுக்க வேலை நடப்பது இடது பக்கக் கடைசி நாலடியில். பலகை இடைவெளியால் ஜெட் விழுந்துவிடாமல் இருக்க அங்கே கால் அங்குலத்தை விட மெல்லிய ஹார்ட்போர்ட் ஒன்றை ஸ்குரூ போட்டு வைத்தேன். அதற்கும் இரண்டு பக்கமும் லின்சீட் பூசினால் ஈரத்தை நன்றாகத் தாங்கும். பின்னாலும் இடப்பக்கமும் கால் அங்குல உயரத்துக்கு மரச் சட்டம் அடித்திருக்கிறேன், உருளும் சாமான் அங்கே நின்றுவிடும். பற்றறி வேலை வந்தால் அதன்மேல் ரப்பர்த் தட்டு ஒன்றை விரித்து, கையெட்டும் இடத்தில் அப்பச்சோடா டப்பாவும் வைத்துக்கொள்கிறேன். அசிட் சிந்தினால் அதைத் தூவி, நுரை அடங்கியதும் கழுவிவிடலாம்.

ஹார்ட்போர்டின் ஒரு முகம்தான் வழுவழுப்பு, மறுபக்கம் சொரசொரப்பு, ஆகவே திருப்பிப் போட முடியாது. பழுதானால் கழற்றி எறிய வேண்டியதுதான். இந்தப் பக்கத்தை நாலடிக்கு இரண்டரை அடி என்று அளந்து வைத்ததும் அதற்காகத்தான். எட்டுக்கு நாலடி ஷீட் ஒன்றில் இந்த அளவில் மூன்று துண்டு வெட்டலாம். ஒன்று மேசையில் இருக்கிறது. மற்ற இரண்டும் எண்ணெய் பூசி, கறையான் எட்டாமல் கூரைச் சலாகைக்கு மேலே வைத்திருக்கிறேன்.